ஊர் நேரத்தில் ஓடிய போன்

முந்தின நாள் சைட்டில் ஃபோர்மேன் எங்கள் ரூம்காரர் ஒருவரை இரும்புக் குழாயால் தாடையில் அடித்தான். வெயில் தாங்காமல் கொஞ்சம் நிழலில் உட்கார்ந்ததுதான் அவர் செய்தது. தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரின் வயிற்றில் பூட்ஸ் காலால் மிதித்தான். அடித்தவனும் தமிழன்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "ஏணியிலேர்ந்து விழுந்துட்டான். வெளங்குச்சா?" என்றான். கம்பெனியும் அப்படியே எழுதிக்கொண்டது.

அடிபட்டவரின் மனைவிக்கு அண்ணன் எங்களோடுதான் வேலை பார்த்தார். நானும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். குழாய் இறங்கியதை அவர் போனில் பிடித்துவிட்டார். கேட்காமல் ஒருவனைப் படம் பிடிப்பதே அந்த வளைகுடா நாட்டில் குற்றம். ஃபோர்மேன் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த ருவைஸ் கேம்ப்புக்கே வந்து எல்லார் போனையும் பார்க்கப்போவதாகச் சொல்லியனுப்பினான். அதற்குள் படம் ஊருக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் மாப்பிள்ளை ஏணியிலிருந்து விழுந்தவர்தான்.

எங்கள் மாவட்டத்து வக்கீலம்மா ஒருவர், வளைகுடாவில் அடிபடுகிறவர்களுக்காக, பெயர் சொல்லாமல் படம் போட இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார். அனுப்புகிறவனை மறைக்கிற ஒரு ஆப்பில் மட்டும்தான் அது திறக்கும். வாட்ஸ்அப்பில் போட்டால் நம்பரோடு மாட்டிக்கொள்வோம். கேம்ப் வைஃபையில் அந்த ஆப்பைத் தடுத்திருந்தார்கள். சுற்றுவழி போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

யார் போனில் தடை வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். பயத்தில் கற்றுக்கொண்ட வேலை இது. வீட்டுக்கு ஒருநாள் பேச முடியாவிட்டால் அங்கே யாரோ செத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றும். அதனால் எல்லா வழியையும் தோண்டி வைத்திருப்பேன்.

அன்று லீவு. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அண்ணன் போனோடு உட்கார்ந்தேன். ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். சுற்றுவழியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இணைவதைக் காட்டும் கோடு கொஞ்ச தூரம் ஓடும், நின்றுவிடும். அண்ணன் பெரிய ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"படத்த என் போன்ல ஏத்தித் தாங்கண்ணே. அதுல அனுப்பிப் பாப்போம்."

"ஒன் போன்ல ஏறுனா நீயும் உள்ள போவடா. நான் ஒருத்தன் போதும்." ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, "இது வேலைக்கு ஆவாது. நான் போயி அவன் மண்டையப் பொளந்துட்டு வாரேன். ஒரே போடு, கலாஸ், கதை முடிஞ்சுது" என்றார்.

"நீங்க கைய வச்சா கேஸு நம்ம மேல திரும்பிரும்ணே. படத்துக்கு மதிப்பே இருக்காது."

"மாப்ளைக்கு ட்யூபுல கஞ்சி ஊத்துறாய்ங்க. நீ மதிப்பு பேசுற!" ஸ்பேனரால் தகர அலமாரியை அடித்தார். கதவு உள்ளே மடங்கியது. மறுபடி அடித்தார். அடுத்த அடி என் தலையில்தான் என்று நான் குனிந்துகொண்டேன்.

குனிந்தபடியே ஆப் எழுதி வைத்திருந்த பிழைகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'கிளாக்' என்று திரும்பத் திரும்ப வந்தது. என் போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் போன் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, மணி தப்பா இருக்கு?"

"தப்பு இல்லடா. ஊர் மணி. மக ஸ்கூல் விட்டு வர்ற நேரம் தெரிய வேணாமா? நாந்தான் தள்ளி வச்சேன்."

கேம்ப்பில் பாதிப் பேர் அப்படித்தான். போனில் ஊரை இந்தியா என்று மாற்ற மாட்டார்கள், மணியை மட்டும் கையால் தள்ளி வைப்பார்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் அது போதும். இந்த ஆப்போ மணி பொய் சொன்னால் இணையவே இணையாது. நேரத்தைத் தானாக ஓட விட்டேன். கோடு கடைசிவரை ஓடியது. பக்கம் திறந்தது. படம் மெல்ல ஏறத் தொடங்கியது.

அப்போதுதான் கதவில் உதை விழுந்தது.

"தொறங்கடா நாய்களா! போன எடுங்க!"

அண்ணன் ஸ்பேனரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "எவ்வளவு இருக்கு?"

"பாதிண்ணே."

அடுத்த உதையில் தாழ் பிய்ந்தது. உள்ளே பாய்ந்த ஃபோர்மேனை அண்ணன் வாசலிலேயே கட்டிப்பிடித்தார். அடிக்கவில்லை. இடுப்போடு இறுக்கிக்கொண்டு கதவு நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"போன் எங்கடா?"

"குளிக்கப் போயிருக்கு சார். இப்ப வந்துரும்" என்றார் அண்ணன்.

அவன் முட்டியால் அவர் வயிற்றில் குத்தினான். நெற்றியால் மூக்கில் மோதினான். ரத்தம் இரண்டு பேர் சட்டையிலும் வழிந்தது. முழங்கையால் காதிலேயே குத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்கும் அண்ணனின் தலை நிலையில் மோதித் திரும்பியது. நான் கோட்டைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் போனோடு அலமாரி ஓரமாகச் சுவரில் ஒட்டி நின்றேன். வாய்விட்டு அழுதேன் என்று நினைக்கிறேன்.

"போச்சாடா?" வாயில் ரத்தத்தோடு கேட்டார்.

"போயிருச்சுண்ணே! போயிருச்சு!"

அவர் பிடியை விட்டார். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஃபோர்மேன் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"இப்ப எம்புட்டு வேணாலும் அடிச்சுக்கடா."

அவன் அடித்தான். அவர் விழுந்த பிறகு என் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தரையில் வைத்து, தூள் தூளாகும்வரை மிதித்தான்.

வக்கீலம்மா படத்தைத் தூதரகத்துக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளையைப் பற்றிக் கம்பெனி எழுதிய காகிதத்தில் ஏணி போய் இரும்புக் குழாய் வந்தது. அண்ணனுக்குக் குத்து வாங்கிய பக்கக் காது கேட்காது. இப்போது ஊரிலிருந்து நான் அவரோடு போன் பேசும்போது கத்துவேன். "கத்தாதடா, இந்தக் காது நல்லாத்தான் இருக்கு" என்பார்.