கட கடவா, உய்ங்கா?

மாமா அதை டர்ட் பைக் என்பார். அம்மாவுக்கு அது சேத்து வண்டி. அப்பா அதற்குப் பெயரே வைக்கவில்லை. இருட்டில் காலில் இடித்துக்கொண்டால் மட்டும் 'இந்தச் சனியன்' என்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் வேலை. சேக்காட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஜாகை. யாரோ ஓட்டித் தேய்த்த அந்தப் பழைய வண்டியை ஆசை ஆசையாக வாங்கி வந்திருந்தார். நசரத்பேட்டைப் பக்கம் காலி மனையில் பையன்கள் நடத்தும் சேற்றுப் பந்தயத்தில் ஒரு தடவையாவது அதை ஓட்டிவிட வேண்டும். சாப்பிடும்போதுகூட அவருடைய இடது கை கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆசைக்குக் குறுக்கே ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச தூரம் ஓடி இஞ்சின் சூடானால்தான் வரும். முதலில் கண்டுபிடித்தவள் அம்மா. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று மாமா மழுப்பிப் பார்த்தார். அப்பாதான் காரியத்தைக் கெடுத்தார். ஓடுகிற வேகத்தில் கியர் பாக்ஸ் இறுகினால் ஆளைத் தூக்கி அடித்துவிடும் என்று சொல்லி வைத்தார்.

"அந்தச் சத்தம் நிக்கிற வரிக்கும் நீ பந்தயத்துக்குப் போவக் கூடாது. மீறிப் போனே, இந்த ஊட்டுப் பக்கமே வராத" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மெக்கானிக் கடை அடுத்த தெருவில்தான். அங்கே போய்ச் சேர்வதற்குள் இஞ்சின் சூடாகாது, சத்தமும் வராது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடும் குழந்தை மாதிரி வண்டி சாதுவாக நிற்கும். ஆகவே மெக்கானிக் வாயால் கேட்டுத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது.

"இன்னா மாரி சத்தம், அண்ணாத்தே?"

மாமா கொஞ்சம் யோசித்து, "கட கடன்னு வருதுப்பா" என்றாராம்.

கட கட என்றால் செயின். செயினை மாற்றினார்கள், பல் சக்கரத்தையும் மாற்றினார்கள். மாமா ஒரு ரவுண்டு போய் வீடு திரும்பியபோது சத்தமும் கூடவே திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐய, அது எங்க மாமா கட கட? உய்ங்குன்னுல்ல கத்துது!" என்றேன். சொந்த வண்டி போடும் சத்தம் தெரியாத மனிதர் என்று சாப்பாடு முடிகிற வரைக்கும் அப்பா அவரைக் கிண்டல் செய்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் மெக்கானிக்கிடம் என்னையும் கூட்டிப்போனார். "பாப்பா, நீ சொல்லிக் காட்டு" என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உய்ங்ங் என்றேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மெக்கானிக், வேறொரு வண்டியைப் பிரித்துப் போட்டிருந்ததால், எங்களையே பார்த்துவரச் சொன்னார். சூடு ஏறும்வரை ஓட்ட வேண்டும். பிறகு நியூட்ரலில் நிறுத்தி, கிளட்சைப் பிடித்தால் சத்தம் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

பட்டாபிராம் வரை போய்த் திரும்பி, மாமா ஒரு பூட்டிய கடை ஓரம் நிறுத்தினார். என்னை இறக்கி எதிரே நிற்க வைத்தார். கிளட்சைப் பிடித்தார்.

"இப்போ?"

"இல்ல மாமா."

விட்டார். "இப்போ?"

"உய்ங்ங்!"

பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். எனக்கு அது நல்ல விளையாட்டு. ஆனால் அவர் வண்டியைப் பார்க்காமல் என் வாயையே பார்த்தது கூச்சமாக இருந்தது. முன்பல் விழுந்திருந்த நேரம், கையால் மூடிக்கொண்டேன். "கைய எடுத்துட்டுச் சொல்லு பாப்பா" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

நாங்கள் சொன்னதைக் கேட்டு, "அப்போ கியர் பாக்ஸ் பேரிங்தான்" என்று மெக்கானிக் முடிவு சொன்னார். பிரித்துப் பார்த்தபோது அது ஆட்டம் கண்டிருந்தது. புதிது போட்டார்.

மாமா நெடுந்தூரம் சுற்றி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஈரக் கையோடு வெளியே வந்து நின்றாள். மாமாவின் முகம் பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவர் முகம் போல இருந்தது.

"நின்னுச்சா பாப்பா?"

"நின்னுடுச்சு மாமா!"

அவர் குனிந்து இஞ்சினிடம் காதைக் கொண்டுபோனார். "ஆமாக்கா, எனக்கும் கேக்கல" என்றார்.

"சரி, போய்த் தொல. ஹெல்மெட்ட மாட்டிக்கினு போ" என்றாள் அம்மா. நான் குதித்துக் குதித்துக் கை தட்டினேன். பந்தயத்தில் மாமா ஏறக்குறைய எல்லோருக்கும் பின்னால் வந்து, தலை முதல் கால் வரை சேறாக, ராஜா மாதிரி வீடு திரும்பினார்.

பிரஸ் ஷாப்பின் இடி அந்தக் காதுகளிலிருந்து மெல்லிய சத்தங்களை எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததைத் திமிர் என்று அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவரும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று வாசலில் அவர் சொன்னது பொய் இல்லை. அந்தச் சத்தம் அவருக்கு ஒரு நாளும் கேட்டதே இல்லை.