கையை விடு என்றது மனம்

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் மலாய்க்காரர் யூசோப், தொழுகைக்கு முன் குழாயடியில் கால் கழுவுவார். சுத்தமாகவில்லையோ என்று கழுவிய காலையே மறுபடி கழுவுவார். மூன்றாம் முறை குனிந்தவர் பாதியில் நிமிர்ந்து, "வஸ்-வஸ்!" என்று தன்னையே கேலி செய்து சிரித்தபடி போய்விடுவார். ஒரு மனிதன் தன் மனத்தைப் பார்த்துச் சிரிப்பதை இந்த நாட்டில்தான் முதலில் கண்டேன்.

எனக்கோ அப்போது சிரிப்பே மறந்திருந்தது. மகள் பிறந்து நான்கு மாதம். ஒருநாள் காலை எங்கள் குவார்ட்டர்ஸ் மாடியில் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, 'கையை விடு' என்றது மனம். உயிரையே வைத்திருக்கும் பிள்ளையை! நடுங்கிப்போய் மனைவி செல்லத்திடம் கொடுத்தவன், பிறகு மகளைத் தொடவே இல்லை. ஊராக இருந்தால் பேய் என்று வேப்பிலை அடித்திருப்பார்கள். இங்கே அதற்கும் ஆளில்லை. ஒரு மாதம் பொறுத்த செல்லம், "பொட்டப் புள்ளைன்னுதானே தொட மாட்டேங்கிறீங்க? எங்கள ஊருக்குக் கப்பலேத்தி விட்டுருங்க" என்று பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அன்று பகல் யூசோப்பிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் அரைகுறை மலாயைக் கேட்டு, குழந்தை விழுந்தேவிட்டது என்று பதறி எழுந்தார் மனிதர். விஷயம் புரிந்ததும் உட்கார்ந்து, மலாயில் நிதானமாகச் சொன்னார்.

"இது எல்லாருக்கும் வரும் லா. எங்க சமய வகுப்புல இதுக்குப் பாடமே இருக்கு, வஸ்-வஸ்னு பேரு, மனசுல சும்மா வந்து ஓதுற கெட்ட நெனப்பு. நெனப்பு வேற, நீ வேற. செய்ய ஆசைப்படுறவன் இப்படி நடுங்குவானா? அதத் தொரத்தாத, பதிலும் சொல்லாத. போய்ப் புள்ளையத் தூக்கு."

எல்லாருக்கும்! பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் படித்த எனக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லையே! பட்டறைச் சங்கு ஊதியதும் ஓட்டமாக ஓடினேன். செல்லத்தின் மடியிலிருந்து மகளை அள்ளிக்கொண்டு மாடி விளிம்பில் போய் நின்றேன். நினைப்பு வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். மகள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். ஆனந்தத்தில் உளறியபடி செல்லத்திடம் முழுக்கதையையும் சொன்னேன்.

அவள் அழுதாள்.

"உங்களுக்குமா? எனக்கு அருவாமனையத் தொட்டாலே புள்ளையப் பத்தி அப்படி ஒரு நெனப்பு வருதுங்க. அம்மாகிட்ட ஓடிட்டா போயிடும்னுதான் கெளம்பினேன்."

அந்த வாரக் கப்பலில் அவள் போகவில்லை. என் கடிதம்தான் போனது. "அம்மா, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றபோது உனக்கும் வந்ததா?" என்று கேட்டிருக்கிறேன். இங்கே மகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். பாதி மனம் அந்தக் கிணற்றடியில் பதிலுக்காக நிற்கிறது.