கடைசி ரத்தத்தைத் தாண்டி

இது எழிலரசிக்கு நடந்தது. யாரோ யாருக்கோ ஃபார்வர்ட் பண்ணிய கதை இல்லை. ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் அவள் வீட்டுச் சமையலறையில், பட்டப்பகலில், டிஷ்வாஷர் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய்ப் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவள் கணவன் இனியனுக்கு வில் வேட்டைப் பைத்தியம். ஹூஸ்டனில் ஆயில் கம்பெனி வேலை. பல்லடத்தில் ஒரு கோழியைக்கூட அறுக்கத் தெரியாமல் வளர்ந்த ஆள், இங்கே வந்து ஆபீஸ் நண்பன் தீபக்கோடு சேர்ந்து மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்தான். டெக்சாஸின் மலைப்பகுதியான ஹில் கன்ட்ரி பக்கம், நாலு மணி நேர டிரைவில், ஒரு பண்ணை நிலத்தைச் சீசனுக்குக் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். மரத்தில் கட்டிய பரணில் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். அதே மனுஷன் வீட்டில், எழிலரசி ஒரு பேச்சைப் பேசி முடிக்கும்வரை பொறுக்க மாட்டான்.

சண்டை என்றும் சொல்ல முடியாது. சண்டை போடுகிறவர்களாவது முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். இந்த வீட்டில் ‘பால் தீந்துருச்சு’, ‘வெண்பாவ யாரு பிக்கப் பண்றது’, அதோடு சரி. மகள் வெண்பாவின் காதில் எந்நேரமும் ஹெட்ஃபோன். கல்யாணமான புதிதில் இனியன் அவளைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டதுண்டு. அது எப்போது நின்றது என்று அவளுக்கே ஞாபகமில்லை.

போன அக்டோபர் கடைசியில் தீபக்கால் வர முடியவில்லை. அவன் மகளுக்கு அரங்கேற்றம்.

“நீ வா. அடிச்சா இழுத்துட்டு வர ஒரு ஆள் வேணும். ஊட்ல உக்காந்து என்ன பண்ணப் போறே?” என்றான் இனியன்.

கூப்பிட்ட விதம் அப்படி. ஆனாலும் அவள் போனாள். வெண்பாவைப் பக்கத்துத் தெரு ஷ்யாமளா ஆன்ட்டி வீட்டில் விட்டாள். அரிசிம்பருப்பு சாதம் கட்டி எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் தனியாக இருந்தால் ஏதாவது பேசுவான் என்று ஒரு நப்பாசை. வழி முழுக்க அவன் அம்பு முனைகளைப் பற்றி யாரோ பேசும் பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம். அவள் டிரக்கில் உட்கார்ந்திருந்தாள். அங்கே செல்ஃபோன் சிக்னல் கிடையாது. ஆளுக்கொரு வாக்கிடாக்கி வைத்திருந்தார்கள். வெயில் இறங்கும் நேரத்தில் அது கரகரத்தது.

“அடிச்சுட்டேன். டார்ச்ச எடுத்துட்டு வா.”

அம்பு மானைத் துளைத்துக்கொண்டு போய் மண்ணில் குத்தி நின்றிருந்தது. அதில் இருந்த ரத்தம் கருஞ்சிவப்பு. இனியன் முகம் சுருங்கியது. இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரலில் பட்டது என்று அர்த்தம், மான் பக்கத்திலேயே விழுந்துவிடும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். உடனே பின்தொடர்ந்தால் அது படுக்கும், எழுந்து ஓடும், மறுபடி படுக்கும். சில மணி நேரம் விட்டுவிடுவதுதான் முறை. அவனுக்கும் அது தெரியும். ஆனால் மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. மழை வந்தால் தடமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

“நீ டிரக் கதவ டமார்னு சாத்துன சத்தத்துல மான் திரும்பிருச்சு. இல்லீன்னா கரெக்டா பட்டிருக்கும்.”

அவன் அம்பு விடும்வரை அவள் கதவைத் திறக்கவே இல்லை.

இரண்டு பேரும் ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். காய்ந்த இலைமேல் ஒன்று. கல்மேல் ஒன்று. ஒரு பெரிய ஓக் மரத்தடியில் தடம் நின்றுபோனது. இந்த மாதிரி நேரத்தில் ஒருவர் கடைசித் துளியருகே அசையாமல் நிற்க வேண்டும். மற்றவர் சுற்றித் தேட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தெரியாது.

“இங்கயே நில்லு. நகுந்துராத,” என்று சொல்லிவிட்டு இனியன் மேட்டுப் பக்கம் ஏறினான். அவன் நெற்றி விளக்கு சிடார் மரங்களுக்குள் ஆடி ஆடிப் போய் மறைந்தது.

அவள் நின்றாள். இருட்டிவிட்டது. பூச்சிகள் கத்திக்கொண்டிருந்தன. தூரத்தில் இடி.

அப்போதுதான் குரல் வந்தது.

“எழில்… இங்க வா. இங்க இருக்குது ரத்தம்.”

இனியன் குரல்தான். ஆனால் வந்தது மேட்டுப் பக்கமிருந்து இல்லை. கீழே, ஓடைப் பக்கமிருந்து. சுற்றிக்கொண்டு இறங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கையில் வாக்கிடாக்கி இருக்கும்போது எதற்கு வாயால் கூப்பிடுகிறான் என்று மட்டும் லேசாகத் தோன்றியது.

இறங்கிப் போனாள். சொன்ன இடத்தில் ஒரு துளி இருந்தது. புல் நுனியில், ஈரமாக.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி… பாத்து வா. சப்பாத்தி முள்ளு இருக்குது.”

டார்ச்சைத் திருப்பினாள். ஒரு அடி தள்ளிச் சப்பாத்திக் கள்ளி. சொல்லாவிட்டால் மிதித்திருப்பாள்.

பாத்து வா. அவன் அவளிடம் இப்படிச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. மான் கிடைத்த சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாள். எந்தச் சந்தோஷமாக இருந்தால் என்ன. அவள் நடந்தாள்.

“கால் வலிக்குதா கண்ணு?”

அவள் நின்றுவிட்டாள்.

“இல்லீங்க,” என்றாள்.

“மெதுவா வா. நா எங்கயும் போகல.”

அடுத்த துளி. அதற்கடுத்தது. தொட்டுப் பார்த்தாள். நேரமாக ஆகத் துளி காய்ந்திருக்க வேண்டும். இது சூடாக இருந்தது.

பூச்சிச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

முன்னால் விளக்கு வெளிச்சம் எதுவும் இல்லை. இனியன் நெற்றியில் விளக்கு இருந்ததே… காய்ந்த இலைகளில் அவன் பூட்ஸ் சத்தமும் இல்லை. குரல் மட்டும் வந்தது. தூரத்தில் இருந்துதான் வந்தது. ஆனால் அவன் கத்தவில்லை. பக்கத்துத் தலையணையிலிருந்து பேசுவதுபோல் பேசினான்.

“உன்னய ரொம்ப வாட்டிட்டேன். தெரியுது எனக்கு.”

அவள் அழுதுகொண்டே நடந்தாள். டார்ச் வெளிச்சம் ஒரு மரத்தின்மேல் பட்டது. அதன் பட்டையில் ரத்தம். ஒரு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

அவள் முக உயரத்தில்.

எந்த மான் அவ்வளவு உயரம்?

“ஏனுங்க… எங்க இருக்கறீங்க?”

டார்ச்சை இருட்டுக்குள் நீட்டினாள்.

“வெளக்கப் போடுங்க.”

“வெளக்கு எதுக்கு கண்ணு… நீ அதய அணச்சுட்டு வா.”

அவள் கட்டைவிரல் டார்ச்சின் பொத்தான்மேல் போனது. இதைச் சொல்லும்போது எழிலரசி தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்து அணைக்கப் போகவில்லை, ஆசையாகத்தான் போனேன் என்றாள்.

அந்த நொடியில் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

“எங்க போய்த் தொலஞ்சே? நில்லுன்னு சொன்ன எடத்துல ஒரு பத்து நிமிஷம் நிக்கத் துப்பில்ல உனக்கு?”

இனியன். திரும்பிப் பார்த்தாள். மேட்டில், வெகு தூரத்தில், ஒரு விளக்கு ஆடியது.

அவள் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள்.

முன்னால்… ஒரு மூச்சு.

பிறகு அந்தக் குரல். இப்போது தூரத்தில் இல்லை. காதோரம்.

“அவனுக்குப் பதில் சொல்லாத கண்ணு.”

டார்ச்சைக் கீழே திருப்பினாள். அவள் காலுக்கு முன்னால் தரை இல்லை. ஓடைக் கரை செங்குத்தாக அறுந்து இறங்கியது. அடியில் பாறை.

அவள் ஓடினாள். முள், கல், கள்ளி எதையும் பார்க்கவில்லை. பின்னால் யாரும் துரத்தவில்லை. ஓடைக் கரையில் நின்று, கொஞ்சமும் கோபமில்லாமல், அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

“எழில்… எழில்…”

இனியன் ஓக் மரத்தடியில் நின்றான். தடத்தை மிதித்துக் கெடுத்துவிட்டாள் என்று திட்டினான். படிச்சவதானே என்று திட்டினான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் உதறினான். மறுபடி பிடித்துக்கொண்டாள். திட்டட்டும், இன்னும் சத்தமாகத் திட்டட்டும் என்றுதான் அப்போது இருந்தது.

அன்று ராத்திரி மழை கொட்டியது. காலையில் இனியனும் பண்ணைக்காரி மிஸ் கேரலும் போய்த் தேடினார்கள். மான் மேட்டுப் பக்கம், ஓக் மரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் விழுந்து கிடந்தது. கழுத்தையும் வயிற்றையும் நரிகள் தின்றிருந்தன. கறி வீண். அதற்கும் அவள்தான் காரணமானாள்.

மான் ஓடைப் பக்கம் இறங்கவே இல்லை. எழிலரசி தன் கையைப் பார்த்தாள். நக இடுக்கில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எதனுடைய ரத்தம் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இந்த வருடமும் இனியன் அதே பண்ணைக்குப் போனான், தீபக்கோடு. என்ன நடந்தது என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தபோது அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிஸ் கேரலிடம் மட்டும் கேட்டாள். அன்று கிளம்புவதற்கு முன்னால், இனியன் டிரக்கில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது. ஓடைப் பக்கம் யாராவது குடியிருக்கிறார்களா என்று.

அந்த அம்மாள் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, உன்னைக் கூப்பிட்டதா என்று கேட்டாள்.

எழிலரசி தலையாட்டினாள்.

சில வருடங்களுக்கு முன்னால் டாலஸிலிருந்து ஒரு வேட்டைக்காரன் மனைவியோடு வந்திருந்தானாம். முரட்டு ஆள். எல்லார் முன்னாலும் அவளை அசிங்கமாகப் பேசுவானாம். சாயங்காலம் அந்தப் பெண் பண்ணை வீட்டு ஃபோனிலிருந்து தன் தங்கையிடம் பேசியிருக்கிறாள். தங்கை பிறகு போலீஸிடம் சொன்னது இது.

அக்கா சிரித்துக்கொண்டே பேசினாள். இன்னிக்கு இவர் என்னோடு எவ்வளவு அன்பாகப் பேசுகிறார் தெரியுமா, அதோ வெளியே நின்று கூப்பிடுகிறார், போய்விட்டு வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஓடைப் பாறையில் அவள் பிணமாகக் கிடைத்தாள்.

அவள் ஃபோனை வைத்த நேரத்தில் அவள் கணவன் பண்ணையிலேயே இல்லை. ஊருக்குள் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தான்.