ஆறு கெஜம் மிச்சம்

பயப்படுவதற்கென்று ஒரு பரீட்சை வைத்திருந்தால் நான் கண்டிப் பகுதியிலேயே முதலாவதாகத் தேறியிருப்பேன். யானைக்குப் பயந்தவனல்ல. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் யானைகளைக் குளிப்பாட்டும்போது அவற்றின் வயிற்றுக்குக் கீழால் முங்கிப் போன வீரர்களில் நானும் ஒருவன். ஆனால் கரும்பலகையில் ஓர் எக்ஸை எழுதி, அதன் தலைமேல் சின்னதாக ஓர் இரண்டைப் போட்டுவிட்டால் போதும், எனக்கு நாக்கு வறண்டுவிடும். இப்போது என் பிள்ளைகள் இருபடிச் சமன்பாடு என்று தமிழில் அழகாகச் சொல்லிக்கொண்டு அதைச் செய்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்குக் குவாட்ராட்டிக் என்று பெயர். பெயரே ஆளை அடிக்க வருகிற மாதிரி இல்லையா?

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. வாப்பாவுக்குக் கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் புடவைக்கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்துச் சரிகிற ஒரு முற்றம். வீட்டில் என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, கலியாணம் பேசி முடித்து நாளுக்குக் காத்திருந்தாள். உம்மாவின் தம்பியான மாமாவும் கடையில்தான் இருந்தார். துணி கிழிப்பதிலும் ஆட்களைக் கிழிப்பதிலும் அவருக்கு நிகர் அந்த வீதியில் இல்லை. அதிலும் என்னைக் கிழிப்பதென்றால் அவருக்கு மதியச் சோறே வேண்டாம்.

நான் ரயிலேறிக் கண்டிக்குப் போய் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பின் மேல் காதல் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை நிறைய நிலப்படங்கள் தொங்கின. ஹந்தானை மலையையும் மகாவலியையும் ஒரு கடதாசிக்குள் மடக்கிப் போட்ட ஆள் யாராக இருக்கும், நானும் அப்படி ஓர் ஆளாகவேண்டும் என்ற ஆசை எனக்குள் உட்கார்ந்துவிட்டது. கணக்கு மாஸ்டரிடம் மெல்லக் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஓம் தம்பி, வரையலாம். அதுக்கு முதல் கணக்கு வரவேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னிடம் அவருக்கு ஒரே ஒரு குறைதான். "கேள்விய முழுக்க வாசியும். பாதியில விடையத் தூக்கிக்கொண்டு ஏன் ஓடுறீர்?" என்பார். நான் என்ன செய்வேன்? பயந்தவன் ஓடத்தானே செய்வான்.

தவணைப் பரீட்சையில் அல்ஜிப்ராவுக்கு நூற்றுக்குப் பதினொரு புள்ளி வந்தது. வாப்பா அதைப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் உம்மாவின் பின்னால் ஒளிந்திருக்கலாம். "ராத்தாட கலியாணம் முடியட்டும். அடுத்த திங்கக்கிழம கடைக்கு வா" என்றார், கடனுக்குக் கேட்ட ஆளுக்குத் துணி இல்லை என்று சொல்கிற அதே குரலில்.

ஆயுள் முழுவதும் மாமாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் முன்னால் அவர் வாயில் விழுந்துகொண்டிருக்கிற என் வருங்காலம் கண்ணுக்கு முன் விரிந்தது.

அன்று சாப்பாட்டில் மாமா தொடங்கினார்.

"மச்சான், அல்ஜிப்ரா எண்டு பேரு நம்மட பேரு மாதிரித்தான் ஈக்குது. பள்ளிவாசல் லெப்பையே அது அரபுப் பேரு எண்டு செல்லுறார். ஆனா அதால எனத்த வேல எண்டு இவன்ட மூஞ்சியப் பாத்தா ஒண்டும் வெளங்குதில்ல."

வாப்பா சோற்றைப் பிசைந்தார்.

"ஒரு துணிய வாங்க முந்தி நாம இழுத்துப் பாக்குறல்லியா? இவன்ட படிப்பையும் ஒருக்கா இழுத்துப் பாப்பம். கலியாணத்துக்குப் பின்முத்தத்தில பொம்புளையளுக்கு மறைப்புக் கட்டணும். தைச்சு வெச்சது இருவத்திநாலு கெஜம் ஈக்கு. அதுக்கு மேல ஒரு சாண் எடுக்க நீங்க விடமாட்டீங்க. அந்த இருவத்திநாலுல ஆகப் பெரிய எடம் எப்பிடி வளைக்கிற எண்டு இவன் கணக்குப் போட்டுத் தரட்டும். சரி வந்தா படிக்கட்டும். பிழைச்சா என்ட பக்கத்துல ஒரு பாயப் போடுங்க."

வாப்பா சற்று யோசித்து, "சரி" என்றார். மாமாவைப் போல ஒரு கொடியவன் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டே நான் எழுந்து கைகழுவப் போனேன்.

உண்மையில் அந்தக் கேள்வி எனக்குப் புதியதல்ல. மாஸ்டர் முந்திய வாரம்தான் அதைச் செய்து காட்டியிருந்தார். ஒரு கயிற்றால் நாலு பக்கமும் வளைத்தால் எப்போது இடம் அதிகம் வரும் என்று எக்ஸ் போட்டு, எக்ஸின் வர்க்கம் போட்டு, பலகை முழுக்க வெள்ளையாக்கிவிட்டார். பயத்தில் நான் கேட்டது கடைசிச் சொல்லை மட்டும்தான். சதுரம். ஆகவே எழுதிப் பார்க்கவும் இல்லை. இருபத்து நான்கை நான்கால் பிரித்தேன். ஆறு. அடுக்களைக் கதவோரத்தில் தொடங்கிச் சுவரோடு ஆறு கெஜம், முற்றத்துக்குள் ஆறு கெஜம் என்று அளந்து கொடுத்தேன். கமுகந்தடிகளை நட்டு, இரண்டு பட்டையாகத் தைத்த வெள்ளைத் துணியை ஆள் உயரத்துக்கு மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். நாலாவது பக்கம் வீட்டுச் சுவர்.

கட்டி முடித்தபோது ஆறு கெஜம் மிச்சம்.

வேறொரு வீடாக இருந்தால் அந்த நிமிஷமே யாராவது, "ஏன் மிஞ்சியது?" என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் புடவைக்கடைக்காரர்கள். துணி குறைந்தால்தான் எங்களுக்குக் கணக்குப் பிழை. மிஞ்சினால் அது கெட்டித்தனம். மாமா மிச்சத் துணியை முழங்கையில் சுற்றிக்கொண்டு, "மச்சான், படிப்பு லாபம் தருது!" என்று கத்தினார். வாப்பா "ம்" என்றார். எங்கள் வாப்பாவின் "ம்" என்பது மற்றவர்களுடைய மாலை மரியாதைக்குச் சமம். அன்று நான் அல்ஜிப்ராவைக் கண்டுபிடித்தவன் மாதிரி வீட்டுக்குள் நடந்து திரிந்தேன்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மாத்தளை ரயிலில் வந்தார்கள். பெண்கள் கொஞ்சப் பேர்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாத்தளையில் கொஞ்சம் என்பதற்கு என்ன அளவோ தெரியாது. ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டிகள் வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. எங்களிடையே ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது வழக்கம். சஹனைச் சுற்றி உட்கார இடம் வேண்டும். நின்றுகொண்டு சாப்பிடுகிற விஷயமல்ல அது.

உம்மா அடுக்களைக் கதவால் தலையை நீட்டினார். முகம் முழுக்க வியர்வை.

"டேய், மாப்புள ஊட்டுப் பொம்புளையள் நிக்கிறாங்க. நிக்கிறாங்கடா! ஒன்ட கணக்குல உக்காருறதுக்கு எடம் வெக்கல்லியா?"

மறைப்புக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் தாயாருடைய குரல் தெளிவாகக் கேட்டது. "எங்களுக்கு நிண்டுக்கிட்டுத் தின்னுற பழக்கமில்ல. எடமில்லாட்டிச் செல்லுங்க, வந்த ரயிலுக்கே போறம்." துணி உள்ளிருந்து முட்டுப்பட்டு, சாப்பிட்ட வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

இனி என் வீரத்தைக் கேளுங்கள். முதலில் கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே ஆட்கள். விறகுக் குவியலுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே பூனை. ராத்தாவின் கலியாணம் என்னால் கெட்டது, திங்கட்கிழமை கடைக்குப் போவதற்கு முன்பே வாப்பா என்னை ஆற்றில் போடுவார், யானைகூட என்னைக் காப்பாற்றாது என்றெல்லாம் நினைத்துக்கொண்டு, கடைசியில் மறைப்புக்கு வெளியே வெறுமனே கிடந்த பின்சுவரில் சாய்ந்து அழலாம் என்று முதுகை வைத்தேன்.

சுவர்!

சுவருக்கு ஏன் துணி? நான் நாலு பக்கத்துக்கும் துணியைப் பங்குவைத்திருக்கிறேன். சுவருக்கும் ஒரு பங்கு. சுவர் கேட்டதா? கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

பாதி எரிந்த விறகொன்றிலிருந்து ஒரு கரித்துண்டை உடைத்தெடுத்துச் சுவரிலேயே எழுதினேன். சுவரிலிருந்து முற்றத்துக்குள் போகிற பக்கம் எக்ஸ். அதற்கு எதிரே திரும்பி வருகிற பக்கமும் எக்ஸ். ஆகவே சுவருக்கு எதிரே இருக்கிற முன்பக்கத்துக்கு மிஞ்சுவது இருபத்து நான்கில் இரண்டு எக்ஸ் போக உள்ளது. இரண்டையும் பெருக்கினால் இடம். பெருக்கியதும் எக்ஸின் தலைமேல் அந்தச் சின்ன இரண்டு வந்து உட்கார்ந்தது. கால் ஓடப் பார்த்தது. ஆனால் ஓட இடமில்லை, முன்னால் சுவர். மாஸ்டர் செய்த மாதிரியே வர்க்கத்தைப் பூர்த்தியாக்கினேன். எழுபத்திரண்டு, அதில் எக்ஸுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம் இரண்டு தடவை கழியவேண்டும். கழிவது ஒன்றுமில்லாமல் போனால்தான் இடம் ஆகக் கூடும். எக்ஸ் ஆறாக இருந்தால் கழிவு இல்லை.

ஆறு.

மறுபடியும் ஆறா? தடி நட்டிருப்பதும் ஆறில்தானே! இவ்வளவு பாடுபட்டும் பழைய விடையே வந்துவிட்டது என்று கரியை எறிந்தேன். அல்ஜிப்ரா என்னை வைத்து விளையாடுகிறது, மாமாவும் அதுவும் கூட்டு. பிறகுதான் மாஸ்டரின் குரல் காதில் விழுந்தது. முழுக்க வாசியும். உள்ளே போகிற பக்கம் ஆறு, சரி. முன்பக்கம்? இருபத்து நான்கில் பன்னிரண்டு போனால் பன்னிரண்டு. ஆறல்ல, பன்னிரண்டு! அந்த மிச்ச ஆறு கெஜத்தை முன்பக்கத்தில் நீட்டினால் இடம் அப்படியே இரண்டு மடங்கு.

ஓடினேன். முன்வாசலில் வாப்பா, மாப்பிள்ளையின் தகப்பனாரோடும் பெரியவர்களோடும் முகம் கறுத்து நின்றார். செய்தி அங்கே வந்துவிட்டிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் மாமா என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"எனத்த மகன்?"

மூச்சு வாங்கச் சொன்னேன். நான்தான் பிழையாகப் பிரித்தேன், சுவரை மறந்துபோனேன், மிச்சத் துணி முன்பக்கத்துக்கு வேண்டும் என்று. அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்க உரத்துச் சொன்னார்.

"மச்சான், பிழை என்ட. பொடியன் சென்னது இருவத்திநாலையும் கட்டச் செல்லித்தான். நான்தான் ஆறு கெஜத்த மிச்சம் புடிக்கப் பாத்தன். இப்ப போட்டுத் தாறன்."

"இல்ல மாமா," என்றேன், "நீங்க இல்ல, நான்தான்..."

மாமா என் காலை மிதித்தார்.

"ஏன் மாமா மிதிக்கிறீங்க?" என்று நான் அலறியதை, நல்லவேளை, வெளியே வந்து நின்ற கடைசி வண்டியின் சத்தம் விழுங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். பெண்கள் உள்ளே இருக்கும்போது மறைப்பை எப்படிப் பிரிப்பது? ஆண்கள் வெளியே புதுக் குழிகளைத் தோண்டி, மிச்சத் துணியை முன்பக்கத்தோடு நேராக நீட்டிக் கட்டினார்கள். பிறகு எல்லோரும் ஆற்றைப் பார்த்து முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, முன்பிருந்த ஓரத்து மறைப்பை மாத்தளைப் பெண்களே உள்ளிருந்து தடியோடு பிடுங்கித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். "இன்னம் வா, இன்னம் வா" என்று உள்ளே சிரிப்பு. நான் சிறுவன் என்ற சலுகையில் ஒரு கண்ணால் பார்த்தேன். வெள்ளைத் துணிச் சுவர் ஒன்று, அடியில் மருதாணி போட்ட பாதங்களோடு, புல்லின் மேல் தானாக நடந்து போயிற்று. குழிக்கு வந்ததும் நின்றது. சஹன்கள் உள்ளே போயின. மாப்பிள்ளையின் தாயார் ரயிலைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

சாயங்காலம் வாப்பா மாமாவிடம், "சின்னவன் சென்னதக் கேட்டீந்தா இந்த வெக்கம் வந்தீக்காது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "படிக்கிறவன் படிக்கட்டும்" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஊரில் அவருக்கு அதன் பிறகு மிச்சக்காரர் என்றே பெயர் விழுந்தது. கடைசி வரைக்கும் அவர் அதை மறுத்ததில்லை.

நான் பிறகு நில அளவையில் சேர்ந்து இந்த மலைநாட்டைச் சங்கிலி போட்டு அளந்து படம் வரைந்துகொண்டிருக்கிறேன். அல்ஜிப்ராவைக் கொடுத்த மாஸ்டருக்கும், சாய்வதற்கு நின்ற சுவருக்கும், துணியைத் தூக்கி நடந்த அந்தப் பெண்களுக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். மாமாவுக்கு முதலில்.

ஆனால் அன்று? கலியாணத்துக்கு மறுநாள் நான் ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மாமா துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, எக்ஸிலிருந்து ஆரம்பித்து ஒரு வரி விடாமல் செய்து காட்டி, பிழை யாருடையது என்பதை நிரூபித்தேன். அவர் மடிப்பதை நிறுத்திவிட்டு, மிகவும் பொறுமையாகக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"இப்ப வெளங்கிச்சா மாமா? வாப்பாட்டயும் போய்ச் செல்லவா?"

"வாணாம் மகன்," என்றார். "எனக்கெங்க இதெல்லாம் வெளங்கப் போகுது. நீ படி."

பாவம், ஒரே நாளுக்குள் யார் பிழை விட்டது என்பதுகூட இந்த மனிதருக்கு நினைவில்லையே, அதை எழுதிக் காட்டினாலும் புரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் பெரிய இரக்கம் உண்டாயிற்று. கணக்குத் தெரிந்தவன் என்று இந்த வீட்டில் நான் ஒருவனாவது இருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டு, கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த நாள் ரயிலுக்குப் புத்தகங்களை அடுக்கப் போனேன்.