மழை வேண்டாத பூமயில்

கமுதிப் பக்கத்தில் மழை வேண்டாம் என்று நினைக்க ஓர் ஆளாவது இருக்குமா? இருந்தாள். பெயரிலேயே மயிலை வைத்துக்கொண்டு, மேகம் கறுத்தால் சுருண்டு படுத்துக்கொள்ளும் பூமயில்.

மாசி, பங்குனி வெயிலில் களத்தில் காயும் மிளகாயைக் கிளறிவிட அவளை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் நிழலுக்கு ஓடும்போதும் எதையாவது பாடிக்கொண்டு நிற்பாள். ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டால் வேறு பூமயில். விடிந்தது தெரியாமல் தூங்குவாள். எழுந்தாலும் கை கால் ஓடாது. காரணமில்லாமல் அழுகை வரும். விதைப்பு வேலை தலைக்குமேல் கிடக்கும் நேரம் அது. வேலைக்கள்ளி என்று ஊர் பேசியது. அவள் வெயிலில் வெந்ததைப் பார்த்த அதே ஊர்தான்!

புருஷன் சோணைமுத்து பாசக்காரன். வாடைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தானாகவே முடிவுகட்டி, ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டி, கதவையும் சாத்தி, "நீ படுத்துக்க புள்ள, நா பாத்துக்கிறேன்" என்று காட்டு வேலைக்குப் போய்விடுவான். அந்த இருட்டில் அவள் இன்னும் அமிழ்ந்துபோனாள்.

அவளை அரித்தது ஊர்ப்பேச்சு அல்ல. புரட்டாசியிலேயே 'இந்த வருசம் மழை வரக்கூடாது' என்று மனசு நினைத்துவிடும். ஒரு வருடம் மழை அப்படியே பொய்த்தும் போனது. செடிகள் கருகின, அவள் மட்டும் தெம்பாக நடமாடினாள். தன் நினைப்புதான் ஊர் வயிற்றில் அடித்தது என்று நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் அவள் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்க, சோணைமுத்து பயந்துபோய் ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் அழைத்துப் போனான். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார்.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதும்மா. காலை வெளிச்சந்தான் அதுக்குச் சாவி. மூடாக்கு மாசத்துல சிலருக்கு அது பின்தங்கிப் போகும். தூக்கமும் மனசும் சேந்து தடுமாறும். மாத்திரை தாரேன். ஆனா விடிஞ்சதும் வெளிய வந்து உக்காரணும். மேகமா இருந்தாலும் வீட்டுக்குள்ளயவிட வெளிய வெளிச்சம் ஜாஸ்தி."

சோணைமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான். "நாந்தான சாக்கக் கட்டி அடைச்சு வச்சேன்!"

பூமயில் கேட்டது வேறு. "அப்ப அந்த வருசம் மழை பெய்யாதது என்னால இல்லையா, டாக்டரம்மா?"

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நினைச்சா நிக்கிற மழையாம்மா அது?"

பூமயில் விம்மி விம்மி அழுதாள். அத்தனை வருடப் பாரமும் அந்த அழுகையில் இறங்கியது.

ஊர் திரும்பியதும் சாக்கை அவிழ்த்தான் சோணைமுத்து. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. விடிந்ததும் அவன் எழுப்புவான். அவள் திட்டிக்கொண்டே முற்றத்துக்கு வந்து உட்காருவாள். கார்த்திகையில் ஒரு காலை, அவள் உட்கார்ந்திருக்கும்போதே தூறல் விழுந்தது.

"உள்ள வந்துரு புள்ள" என்றான்.

அவள் எழவில்லை. மேலே பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் சொல்லாததை வாய்விட்டுச் சொன்னாள்.

"நல்லாப் பெய்யட்டும்."