ஏல இலைக் காப்பு

சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் வேம்பும் வளராது, ஆவாரையும் பூக்காது. அந்தக் குளிரை அதுகள் எங்கே தாங்கும்? ஆனாலும் போகியன்று பொழுது சாய்வதற்குள் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் கூரை இறவாணத்தில் காப்புக் கட்டியாக வேண்டும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துச் செருகினால்தான் மறுநாள் பொங்கல். எழுபதுகளில் எங்களுக்கு அது மலைக்குக் கீழே கம்பத்திலிருந்து வரும். அம்மாவின் தம்பி, என் மாமன், கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப்பானையுமாகச் சீர் கொண்டுவரும்போது காப்புக்கான இலைக்கட்டையும் சேர்த்தே தூக்கி வருவார். லயத்துப் பெண்கள் எட்டிப் பார்க்கையில் அம்மாவுக்கு வரும் பெருமை இருக்கிறதே, சகிக்காது.

ஒரு வருஷம் ஆவணியில் மாமனுக்குக் கல்யாணம் நடந்தது. பந்திக்குத் தன்னை யாரும் கையைப் பிடித்துக் கூப்பிடவில்லை என்று அப்பா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். பின்னாலேயே அம்மாவும் ஏறினாள். அதோடு போக்குவரத்து நின்றது.

என்ன இருந்தாலும் தம்பி சீரை நிறுத்த மாட்டான் என்று அம்மா நம்பினாள். போகியன்று பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாதைக்கு ஓடினாள். இன்றைக்கு அவன் வராவிட்டால் எனக்குப் பொறந்த வீடே இல்லையென்று அர்த்தம் என்று அழுதாள். எனக்கோ கரும்புக் கவலை.

கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பக்கத்து வீட்டு அத்தை தன் காப்பில் பாதி தருகிறேன் என்றாள். அம்மா வேண்டாமென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கி, நாலைந்து ஏல இலையை ஒடித்து வந்து செருகினாள்.

"அவுக குடுத்தாத்தான் நமக்குப் பொங்கலா?"

லயத்துப் பிள்ளைகள் எங்கள் கூரையைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

அடுத்த வருஷம் ரோஷமெல்லாம் ஆறி மாமன் கட்டும் கரும்புமாக வந்து நின்றார். இப்படி மெலிந்துவிட்டாயே என்று அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் அவர் வருவதற்குள் இறவாணத்தில் ஏல இலை ஏறியிருந்தது.

"என்னக்கா இது? காப்பு நாந்தான கொண்டாருவேன்?"

"நீ கொண்டாந்ததையும் செருகிருவோம் தம்பி. இது எங்க வீட்டு வழக்கம்."

அதுவரை அம்மா 'எங்க வீடு' என்றால் அது கம்பத்து வீடுதான். மாமன் குடித்துக்கொண்டிருந்த காபியைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். இனிப்புப் பத்தவில்லை போலிருக்கிறது என்று நான் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.