பத்து வால்வும் ஒரு குங்குமப் பொட்டும்

குங்கிலியம் புகைந்தால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவுக்கு வரும். எனக்கு வயிற்றெரிச்சல்தான் நினைவுக்கு வரும். ஈயம் பற்றவைக்கும்போது கருகி எழும் அந்தக் குங்கிலிய மணம், கொத்தமங்கலத்தில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு கோடை முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவைத்தவர் என் அக்காள் உமையாள், பக்கத்தில் உட்கார்ந்து பொருமியவன் நான். எங்களில் அக்காளை "ஆச்சி" என்றும் அப்பாவை "அப்பச்சி" என்றும் அவரைப் பெற்ற தாத்தாவை "ஐயா" என்றும்தான் கூப்பிடுவோம். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த அவர் எனக்கு ஆச்சி. நான் இரண்டு வயது இளையவன்.

ஐயா மலேயாவிலிருந்து கொண்டுவந்த ரேடியோக்கள் இரண்டு, ஒரே அச்சில் வார்த்தவை, இரண்டுமே வாயடைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து "வால்வு", பல்பு மாதிரிக் கண்ணாடிக் குழல்கள். எது செத்தது, எது பிழைத்தது என்று காரைக்குடிக் கடைக்காரருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆச்சி ஒரு ரேடியோவைப் பிரித்து, அதன் ஐந்து குழிகளையும் மின்மாற்றியையும் ஒரு பலகையில் பொருத்தி, பழைய இரும்புக்கடையில் கிடைத்த மீட்டர் ஒன்றையும் சேர்த்து, வால்வைச் சோதிக்கும் கருவி செய்தார். சொருகினால் உள்ளே கம்பி சிவக்கும். சற்றுப் பொறுத்தால் மீட்டர் ஊசி நகரும். வலக்கோடிவரை போனால் வால்வில் உயிர் இருக்கிறது, இடப்பக்கமே சுணங்கி நின்றால் சத்துப் போய்விட்டது. பத்தையும் பார்த்து, இரண்டு ரேடியோவிலும் ஒரே குழிக்கு உரியவற்றை ஜோடி சேர்த்து, ஜோடிக்கு ஒன்றாக நல்லதைப் பொறுக்கி, மிச்சமிருக்கிற ரேடியோவில் போட்டால் பாடும் என்றார்.

"பாடுச்சுன்னா உன்னயக் காலேசுல சேக்குறேன். பாடலைன்னா பேசாமக் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லணும்" என்றார் அப்பச்சி.

என்னிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டறியாத அப்பச்சி, சாப்பிட்ட கை காயுமுன் அந்தப் பலகை முன்னால் வந்து உட்காருவார். வருகிறவர்களிடம் எல்லாம், "பாத்தீகளா, எம் மக செஞ்சது" என்பார். பற்றவைக்கிற சூட்டுக்கோலைப் பிடித்துக் கொடுத்து விரலைச் சுட்டுக்கொண்டவன் நான். அந்த விரலை யாரும் பார்க்கவில்லை. கணக்கில் நான் தோற்றிருந்த வருஷம் அது. அந்த ரேடியோ பாடவே கூடாது என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

சிவப்பு என்றால் ஆபத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்த ஆச்சி, மீட்டர் கண்ணாடியின் இடப்பக்கத்தில் குங்குமத்தைக் கோந்தில் குழைத்து ஒரு பொட்டு வைத்தார். வலப்பக்கத்தில் கண்மையால் ஒரு கறுப்புப் புள்ளி.

அப்பச்சி நாள் பார்த்துச் சோதனைக்குக் குறித்த காலையில், ஆச்சி ஒதுங்கி இருக்கும்படி ஆகிவிட்டது. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுப் பெண்கள் எதையும் தொடக் கூடாது, பின்கட்டைத் தாண்டக் கூடாது, வீட்டுப் பெரியவரோடு பேசக் கூடாது. நல்ல நாளைத் தள்ள அப்பச்சிக்கு மனமில்லை, தாமே பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். ஆச்சி கதவுக்கு அங்குட்டு நின்று என்னைக் கூப்பிட்டார். "ஊசி குங்குமத்துல நின்னா ஆகாதுன்னு அப்பச்சிகிட்டச் சொல்லிருடா. மறந்துறாதே."

நான் மறக்கவில்லை. முதல் வால்வில் ஊசி குங்குமத்தில் நின்றதும் அப்பச்சியின் முகம் மலர்ந்தது. "பாருடா, மங்களமா வந்து நிக்குது!" அதைத் தாம்பாளத்தில் பத்திரமாக வைத்தார். அதன் ஜோடி கறுப்பை நோக்கி ஓடியது. "இது கரியைத் தேடிப் போகுது" என்று முற்றத்துக் கல்லில் வீசினார். கண்ணாடி சிதறியது. சொல் என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். இரண்டாம் ஜோடிக்குச் சொல்லியிருக்கலாம். மூன்றாவதுக்கும் சொல்லியிருக்கலாம். ஐந்து தரம் விழுங்கினேன்.

செத்த வால்வுகளைச் சுமந்த ரேடியோ இரைந்ததே தவிரப் பாடவில்லை. "இதுக்கா ஐயா ரேடியோவைப் பிரிச்சே?" என்று அப்பச்சி பின்கட்டைப் பார்த்துக் கத்தினார். ஆச்சி என்னை மட்டும் கேட்டார், "சொன்னியாடா?" ஆமென்று தலையை ஆட்டினேன். ஆவணியில் அவருக்குக் கல்யாணம். மூன்று வருஷம் கழித்துக் காலேஜுக்குப் போனவன் நான்.

இந்த வருஷம் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வீட்டைத் திறந்தபோது பரணில் அந்தப் பலகை கிடைத்தது. ரேடியோ இல்லை, வால்வு விற்ற கடை இல்லை, அப்பச்சியும் இல்லை. கண்ணாடியில் குங்குமம் மட்டும் பழுப்பாக ஒட்டியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஆச்சி அதை முந்தானையால் துடைத்தார். "நீ சொல்லித்தான் இருப்பே. அப்பச்சிக்குத்தான் காதுல விழலை. பாவம், அவுகளச் சொல்லி என்ன" என்றார். வருத்தமே இல்லாமல் அவரால் அப்படிச் சொல்ல முடிந்ததைப் பார்த்து, இந்த வயதிலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. "ஆமா ஆச்சி" என்றேன்.

நான் எழுதுவது எதுவானாலும் ஆச்சி தேடி வாங்கிப் படித்துவிடுவார். இதையும் படிப்பார்.

ஆச்சி, நான் சொல்லவில்லை.